உருளைக்கிழங்கு வேகும் நேரம்

க்ளேஸ் பே,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை.

என் செல்ல மகள் மோரக்குக்கு,

அம்மா எழுதுவது. ஆல்பர்ட்டாக் குளிரில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கேயும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. சுரங்கத்துக் கரி அப்பா நெஞ்சில் கல்லாகிவிட்டதாம், பனி உருகும்வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். இப்போது நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்குகிறது, பிடிலைத் தாடையில் வைக்க முடிவதில்லை. 

போனில் நீ அழுததையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா பேரில் மெட்டுப் போட உட்கார்ந்தால் அவருக்குத் தகுந்ததாய் வரமாட்டேன் என்கிறது, ஒரு மாதம் லீவு கிடைத்தால் போட்டுவிடுவேன் என்றாய். அடி அசடே, அந்த ஒரு மாதம் யாருக்கு வாய்த்திருக்கிறது? அப்பா சுரங்கத்திலிருந்து வந்து, இமையில் கரியோடு, நான் உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றி இறக்கும் நேரத்தில்தான் தினமும் மெட்டுப் போட்டார். கிழங்கு வெந்ததும் பாதியிலேயே பிடிலை ஆணியில் மாட்டிவிடுவார். "முடிச்சுட்டா நாளைக்கு எதுக்கு உக்காரணும்? பாதியில விட்டாத்தான் அது நம்மளத் தேடும்" என்பார். எல்லாமா நன்றாக வந்தது? பாதிரியார் பேரில் போட்டது நொண்டி மாடு மாதிரிப் போகும், அதைக் கேட்டுத்தான் அந்த மனுஷர் அழுதார். ஊரில் பாதிப் பேருக்கு அப்பா போட்ட மெட்டு இருக்கிறது. தன் பேரில் தானே போட்டுக்கொள்வது நம் வழக்கமில்லை, அதனால் அவருக்கு மட்டும் ஒன்றுமில்லை.

உன் பிடிலைப் பெட்டியில் பூட்டி வைக்காதே, கண்ணில் படும்படி மாட்டு. வேலை முடிந்து வந்ததும் கெட்டில் கொதிக்கும்வரை வாசி. ரெண்டு அடி வந்தாலும் போதும், அதைப் போனில் வாசி, நான் ரிசீவரை அவர் காதில் வைக்கிறேன். நேற்றுப் பக்கத்து வீட்டு ஆர்ச்சி வாசலில் நின்று, "சாவு வீட்டுல வாசிக்க அவர் பேர்ல நல்லதா ஒரு மெட்டு நான் போட்டு வெக்கிறேன், எஃபி" என்று என்னிடம் ரகசியம் பேசினான். உள்ளே படுத்திருந்தவருக்குக் கேட்டுவிட்டது. "நல்லதா வேணாம்டா. எனக்குக் கேக்குறப்பவே வேணும்" என்றார். அதற்குப் பிறகு இருமல் நிற்கவேயில்லை.

மாதா உன்னைக் காக்கட்டும், என் ஆயுசில் பாதி உனக்கு வரட்டும். காலுக்குக் கம்பளி உறை போட்டுக்கொள். அப்பாவுக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது, மறந்துவிடாதே.

உன் அம்மா,
எஃபி.