புகை போட்ட அறை

அன்புள்ள தங்கத்துக்கு,

போனில் சொன்னால் கத்துவாய், அதனால் எழுதுகிறேன். நீ குவைத்திலிருந்து காசு அனுப்பிப் போட்ட ஏசி ஒழுகி, அலுமாரிக்குப் பின்னால் சுவரெல்லாம் பூஞ்சணம். கஹவத்தையிலிருந்து ஏசி திருத்தும் பாஸ் வந்து குழாய் அடைப்பை எடுத்துவிட்டார். நானும் சுவரைத் துடைத்தேன். வாடை மட்டும் போகவில்லை.

இறப்பர் ஷீட்டில் பூஞ்சணம் பிடித்தால் துடைத்துப் புகை போடுவதுதானே என் வேலை? அறையைச் சாத்திவிட்டு விறகு மூட்டினேன். அலுமாரி திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

உன் அம்மா சிரிக்கிறார். "என்னங்க மாப்பிள்ளை, சேலையையும் ஷீட்டுனு நெனச்சிட்டீங்களா?"

வேலை விட்டு வந்தால், "புகை நாத்தம், குளிச்சிட்டு வாங்க" என்று என்னை வாசலிலேயே நிறுத்துவாய். இப்போது உன் சேலைகளிலும் அதே வாடைதான்.

இன்னும் இரண்டு வருடம் அங்கே இருக்கப்போவதாகச் சொன்னாய். சரி, இரு. சேலைகளை மட்டும், நீ வந்து திட்டிய பிறகுதான் துவைப்பேன்.

இப்படிக்கு,
உன் வாசலில் நிற்பவன்