கட்டைவிரலுக்கு மணிக்கொரு சோதனை

ஜூன் 3, செவ்வாய். காலை 6.40. வலி: பத்துக்கு ஏழு.

சோதனை இதுதான்: வலது கட்டைவிரலை உள்ளே மடக்கி, முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்க வேண்டும். நேற்று டாக்டர் சாய்த்தபோது நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். "தசைநாண் உறை வீங்கியிருக்கு. கைக்குழந்தை தூக்குற அம்மாங்களுக்கு அதிகம் வரும்" என்றார். கட்டைவிரலை விரித்து, குழந்தையின் அக்குளில் கொடுத்துத் தூக்குவதால் வருமாம். மாத்திரை, மணிக்கட்டுப் பட்டை, மூன்று வாரம் ஓய்வு.

மூன்று வாரத்துக்கு எங்கே போவது? பதினாறாம் தேதி பிரசவ லீவு முடிந்து மனைவி வேலைக்குத் திரும்புகிறாள். அவளுக்குக் காலை ஷிஃப்ட், எனக்கு மாலை. மதியம் வரை நானும் குழந்தையும்தான்.

ஜூன் 5

கருவிகளைச் சரிபார்க்கும் எங்கள் ஆய்வகத்தில், பட்டையைப் பார்த்ததும் சூப்பர்வைசர்: "என்னப்பா, பிள்ளை பெத்தது உன் பொண்டாட்டியா, நீயா?" எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. எனக்குத் திருகாணி திருகவே உயிர் போகிறது.

ஜூன் 8

டாக்டர் செய்த அதே முஷ்டிச் சோதனை, மணிக்கொரு தடவை. வரைபடமும் போட்டாயிற்று. அளக்காமல் எதைச் சரிசெய்ய? கோடுதான் இறங்க மாட்டேன் என்கிறது. மாத்திரை சுத்த வேஸ்ட்.

ஜூன் 11

குளிப்பாட்டி, மெத்தையில் துவட்டித் தூக்கும்போது சுருக்கென்று குத்தியது. பிடி விட்டுப்போனது. மெத்தை மேல்தான், ஒரு சாண் உயரம்தான். குட்டி அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

"நான் லீவை நீட்டிக்கிறேன்" என்றாள் மனைவி.

"வேணாம். உன் இடத்துக்கு வேற ஆளப் போட்டுருவாங்க. நான் பாத்துக்கறேன்."

"எந்தக் கையால?"

பட்டையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஜூன் 13

வரைபடத்தை அவளிடம் காட்டி மாத்திரையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒன்பதாம் தேதி மட்டும் ஏன் நாலு? அதையும் அடிச்சு வச்சிருக்க?"

"அது தப்பான ரீடிங். குட்டிக்குத் தடுப்பூசி போட்ட நாள். ஜுரம்னு லீவு போட்டு, ராத்திரி வரைக்கும் தோள்லயே போட்டுட்டு நடந்தேன். டெஸ்ட் பண்ணவே மறந்துட்டேன். படுக்கப் போறப்பதான்—"

நிறுத்திவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அதாவது, நாள் முழுக்கத் தூக்கியும் வலி குறைஞ்சிருக்கு. நீ அதைப் போட்டு முறுக்காததால."

வீங்கிய நாணைத் தினமும் பதினைந்து தடவை நானே இழுத்திருக்கிறேன். உண்மை சொன்ன ஒரே அளவையும் அடித்துவிட்டேன். ச்சே! இதுக்கு ஒரு டிப்ளமோ வேற!

ஜூன் 16

அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். லீவை நீட்டிக்கவில்லை. வலி எவ்வளவு? தெரியாது. அளக்கவில்லை. சோதித்துப் பார்க்கக் கை துறுதுறுக்கத்தான் செய்கிறது.

இனி:

1. கட்டைவிரலை விரிக்காமல், இரண்டு கையையும் அடியில் கொடுத்து அள்ளித் தூக்குவது.
2. பட்டையைக் கழற்றாமல் இருப்பது.
3. அப்படியும் குறையாவிட்டால் டாக்டரிடம் போய் மணிக்கட்டில் ஊசி. பயமாக இருந்தாலும்.
4. குட்டி எழுந்துவிட்டாள், அழுகிறாள். முதலாவதை இப்போதே.