சாணக் கலனுக்கு ஒரு போர்வை

டிசம்பர் 9
உலை கொதிப்பதற்குள் சாண எரிவாயு அடுப்பு அணைந்துவிட்டது. அதே ஐந்து மாடுகள், அதே அளவு சாணம். குளிர்தான் புதிது. மலைப்பாதை சரிந்ததிலிருந்து சிலிண்டர் வண்டியும் மேலே வருவதில்லை. என் மனைவி விறகடுப்பை மூட்டினாள். நான் தடுத்திருக்க வேண்டும்.

டிசம்பர் 10
புகை பட்டு அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. மச்சினி ஸ்கூட்டரில் வந்தாள். “அத்தான், அடுப்பு சரியாகிற வரைக்கும் அக்கா எங்க வீட்லயே இருக்கட்டும்.” தலையாட்டினேன்.

டிசம்பர் 13
சினை மாட்டைப் பார்க்க வந்த டாக்டரம்மாவிடம் எரிவாயுக் கலனைப் பற்றிக் கேட்டேன். “சாணத்தைத் தின்னு வாயு விடறதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத உயிருங்க. முப்பத்தஞ்சு டிகிரி கிட்ட இருந்தா குஷியா வேலை செய்யும். இருபதுக்குக் கீழ போனா சுருண்டு படுத்துக்கும்” என்று சிரித்தார். அளந்து பார்த்தோம். உள்ளே பதினாறு.

டிசம்பர் 14
கொல்லையில் அண்டா அண்டாவாகத் தண்ணீர் கொதிக்கவைத்து, சாணம் கரைத்து ஊற்றினேன். முட்டாள்! இருந்த கொஞ்சநஞ்ச வாயுவும் போச்சு. டாக்டரம்மா போனில் திட்டினார்: “திடீர்னு சுட்டா அதுங்க தாங்குமா? மெதுவா சூடு ஏத்துங்க.” அவசரம் யாருக்கு — எனக்குத்தானே?

டிசம்பர் 15
போனில் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. சந்தோஷம்தான். அங்கே எல்லா வசதியும் இருக்கிறது. இங்கே குளிர், சாணம், நான்.

டிசம்பர் 22
மக்கும்போது சூடு விடும் எருவைக் கலனைச் சுற்றி அணைத்து, மேலே வைக்கோல் பரப்பி, கறுப்புத் தார்ப்பாய் போர்த்தினேன். வெயில் ஏறிய பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில்தான் சாணம் கரைக்கிறேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் மாதிரி முழங்கையால் சூடு பார்க்கிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. கைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

டிசம்பர் 30
உள்ளே இருபத்தொன்று.

ஜனவரி 11
இருபத்தாறு! இரண்டு வேளைச் சமையலுக்கும் அடுப்பு நீலமாக எரிந்தது. உடனே அவளுக்குப் போன் செய்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். “ம்” என்றாள். அவ்வளவுதான். ஒரு ‘ம்’முக்கு என்ன அர்த்தம்?

ஜனவரி 13
கொட்டகையிலிருந்து திரும்பினால் வாசலில் பையோடு நிற்கிறாள். முகம் சிவந்திருந்தது.

“அடுப்பு எரியுது, இத்தனை டிகிரின்னு எல்லாம் சொன்னீங்க. வான்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“வா” என்றேன்.

உள்ளே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, முதலில் குளித்துவிட்டு வரும்படி என்னைத் துரத்தினாள். வெந்நீர் அவளே வைத்தாள்.