ஆறிப்போன கிளிசரின் தொட்டி

திருநின்றவூர்,
3.10.1990.

அன்புள்ள கஜபதிக்கு,

ஆரோக்கியசாமி எழுதுவது. இங்கே எல்லாரும் உடம்புக்குச் சுகம். ரூர்கேலாவில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழிப்பதென்றால் முழுதும் படித்துவிட்டுக் கிழி.

வேம்புலியை நீ கொல்லவில்லை. போல்ட்டை நீ அதிகமாக இறுக்கவில்லை. உன் மச்சான் செத்தது என் வேலையில் நடந்த தப்பினால்.

நான் லேபில் குமிழி எண்ணிச் சம்பளம் வாங்குகிறேன் என்று கேலி செய்வாய். அந்தக் குமிழியில்தான் விஷயம் இருக்கிறது. துருவை எடுக்க போல்ட்டை ஆசிட்டில் முக்கும்போது ஆசிட் கொஞ்சம் இரும்பையும் தின்னும். அதில் பிறக்கும் ஹைட்ரஜன் வாயு கொஞ்சம் இரும்புக்குள்ளேயே புகுந்துவிடும். புகுந்தது அதிகமானால், மேலே ஒரு குறையும் தெரியாது. இறுக்கிய பிறகு என்றைக்காவது பட்டென்று உடையும். எவ்வளவு புகுந்தது என்று பார்க்க, ஒரு துண்டைச் சூடான கிளிசரினில் மூன்று நாள் போட்டு, வெளியே வரும் குமிழியைக் கோடு போட்ட குழாயில் பிடிப்பேன். ஆறு கோட்டுக்கு மேல் போனால் போல்ட்டுகளை ஓவனில் சுட்டு வாயுவை விரட்ட வேண்டும்.

போன வருஷம் நீ புதுப் பளுதூக்கிக்குப் போட்ட போல்ட்டுகளில் ஒன்றைச் சனிக்கிழமை சாயங்காலம் தொட்டியில் போட்டேன். ஞாயிறும் திங்களும் லீவு என்பதால் அன்றைக்கே ஆயுத பூஜை போட்டார்கள். நம் ஷெட்டில் ஓடுகிற மிஷினுக்குப் பொட்டு வைக்கிற வழக்கமும் இல்லை, பொட்டு வைத்ததை விஜயதசமி வரை ஓட்டுகிற வழக்கமும் இல்லையே. ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்து லேபுக்கும் வந்தார்கள். இந்த ஹீட்டரை நிறுத்தக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், பார் இந்த வேதக்காரன் பூஜைக்குக் குறுக்கே நிற்கிறான் என்பார்கள் என்று நினைத்தேன். யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் நானே சுவிட்சை அணைத்துவிட்டு, சந்தனம் வைக்க இடமும் காட்டினேன். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கத்தான், வேறென்ன.

செவ்வாய்க்கிழமை விஜயதசமி. நல்ல நாளிலேயே பளுதூக்கியை ஏற்றிவிட வேண்டும் என்று மேனேஜர் வாசலில் நின்றார். தொட்டியைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. குழாயில் நாலு கோடுதான். ஆறின கிளிசரினில் இரும்பு வாயுவைச் சரியாக விடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், மூன்று நாள் கிடந்தது போதும் என்று நாலு என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போல்ட்டுகளைச் சுடவில்லை. அன்றே நீ மாட்டினாய். வெள்ளிக்கிழமை போல்ட்டுத் தலைகள் தெறித்துப் பளுதூக்கி விழுந்தது. வேம்புலி அடியில் நின்றிருந்தான்.

உடைந்த முகத்தை நீதான் கையில் வைத்துக் காட்டினாய், கல் உப்பு மாதிரி மினுமினுக்கிறதே என்று. பார்த்த அந்த நிமிஷமே எனக்குப் புரிந்தது. அதிகமாக இறுக்கியிருந்தால் ஸ்பேனரிலேயே உடைந்திருக்கும். மூன்றாம் நாள் வரை காத்திருக்காது. விசாரணையில் இதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாலு கோடு என்ற பதிவை நீட்டினேன். அப்போ இறுக்கினவன் மேலதான் தப்பு என்று முடித்தார்கள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பயம்தான் கஜபதி, வேறு காரணம் கிடையாது.

இந்த வருஷமும் பூஜைக்குத் தொட்டியை அணைக்க வந்தார்கள். முடியாது என்று கத்திவிட்டேன். ஒரே ஆசிட்டில் முக்கிய இரண்டு துண்டுகளை எடுத்து, ஒன்றை ஆறின தொட்டியிலும் ஒன்றைச் சூடான தொட்டியிலும் போட்டேன். ஆறினதில் நாலு கோடு. சூடானதில் பதினைந்து.

மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். முடிஞ்சுபோன விஷயத்தை எதுக்குய்யா கிளறுற என்று திருப்பித் தந்தார். நேற்று முன்தினமே ஃபாக்டரி இன்ஸ்பெக்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். எனக்கு வேலை போகும், கேஸும் வரலாம். ஹில்டா என்னோடு பேசுவதில்லை. பிள்ளைகளுக்குச் சோறு மட்டும் போடுகிறாள்.

நேற்று அயனம்பாக்கத்தில் உன் வீட்டுக்குப் போய்க் கஸ்தூரியிடம் சொன்னேன். துணி துவைத்துக்கொண்டிருந்தது. கையில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டது. இன்னாண்ணா, ஒரு வருசமா இத்த வயித்துலயே வச்சிக்கினு இருந்தியா என்று கேட்டது. அப்புறம், எந்தம்பிய கொன்ன கையால எனுக்கு சோறு போடாதேன்னு சொல்லி நான்தானேண்ணா அவர தொரத்துனேன் என்று உட்கார்ந்து அழுதது. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. உன் விலாசம் கேட்டேன். காலண்டர் தாளைக் கிழித்து எழுதித் தந்தது. அதுவே உனக்கு எழுத உட்கார்ந்து, வெட்கத்தில் எழுத முடியவில்லையாம்.

பதிமூன்றாம் தேதியோடு வருஷம் திரும்புகிறது. அன்றைக்கு வேம்புலிக்குப் படையல். அவுரு வந்து கற்பூரம் ஏத்துனாத்தான் படையல், இல்லாங்காட்டி இலைய அப்படியே மூடி வச்சிருவேன் என்று உன்னிடம் சொல்லச் சொன்னது.

என்னை மன்னிக்க வேண்டாம், கஜபதி. வந்துவிடு. ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அன்றைக்கு நான் உங்கள் தெருமுனையில் நிற்பேன். பக்கத்தில் வரமாட்டேன். நீ வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
ஆரோக்கியசாமி