வேட்டித் துணியில் வைத்த பட்டி

புதன்கிழமை, அணுபுரம்

கவிதாவின் குழந்தைக்குத் தைத்த போர்வைக்கு இன்றைக்குத்தான் ஓரப்பட்டி வைத்து முடித்தேன். பட்டிக்கு இவருடைய பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டேன். துவைத்துத் துவைத்து மெதுவாகியிருந்தது. பட்டியை ஓரத்தோடு சேர்த்து மிஷினில் ஓட்டி, பின்பக்கம் திருப்பி, கையால் ஹெம்மிங் போட்டேன். நாலு மூலையும் சுருக்கமில்லாமல் படிந்தன.

வேலை முடிந்து வந்தவர் எடுத்துப் பார்த்தார்.

"இன்னா நீட்டா கீது! கடையில வாங்குனாப்ல. யாருக்கு?"

"நம்ம கவிதா புள்ளைக்குத்தான். கோவளம் போய்க் குடுத்துட்டு வரலாம்னு..."

மீன்பிடிக்கிற வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து எங்கள் மகள் பெயரை இவர் முன்னால் யாரும் எடுப்பதில்லை.

"அந்த வூட்டுக்கு என் துணி போவக்கூடாது" என்றார். கத்தவில்லை. என் கத்தரிக்கோலை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து, பட்டியை மட்டும் பிரித்தார். போர்வையில் ஒரு கீறல் விழவில்லை. இந்த மனுஷன் இவ்வளவு பொறுமையாக ஒரு வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. கவிதா பிரசவ வலியில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு வர மட்டும் நேரமில்லை.

பிரித்ததைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, "சோறு எடுத்து வை" என்றார்.

வைத்தேன். ரசம் ஆறிப்போச்சு என்றார். சுடவைத்தும் கொடுத்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

நாளைக்கு இவர் ஷிப்டுக்குப் போனதும் என் புடவை ஒன்றைக் கிழித்து மறுபடி பட்டி வைப்பேன். அவசரத்தில் மூலைகள் கோணலாக வந்தாலும் பரவாயில்லை, பஸ் ஏறிவிடுவேன். ஆனால் அவள் வாசலிலேயே கேட்பாள், "அப்பா எதுனா சொன்னாராம்மா?" என்று. அதற்கு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.