சைக்கிள் கடை போன தெரு

1946 மார்ச் 4
புளி தீர்ந்தது. எதிர்க் கடையில் வாங்கினேன். வீட்டுக்காரர் வழக்கம்போல் சுவரைத் தொட்டுக்கொண்டே வேணுவின் சைக்கிள் கடைக்குப் போய்விட்டார். நாலே வீடு தள்ளி. அம்மையில் கண் போனபின் அவர் தனியாகப் போகிற இடம் அது ஒன்றுதான். காற்றடிப்பார், பஞ்சர் ஒட்டுவார், சக்கரத்துக் கோணல் எடுப்பார். நான் கையைப் பிடிக்கப் போனால் எரிந்து விழுவார்.

மார்ச் 19
பஞ்சாயத்து போர்டு ஆட்கள் தமுக்கு அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். வீடுகள் இருக்கும் தெருவில் இனிக் கடையும் கூடாது, பட்டறையும் கூடாது. எல்லாம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் புதுத் திடலுக்குப் போக வேண்டும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்குத் தெரு சுத்தமாக இருக்கணுமாம். இங்கே குடியிருக்கிற நாங்கள் மனுஷர் இல்லையா?

ஏப்ரல் 8
வேணு சாமான்களை வண்டியில் ஏற்றினான். என் சித்தப்பா மகன், இவரைப் பாவா என்று கூப்பிடுகிறவன், கண் கலங்கிவிட்டான். "நான் இன்னாக்கா பண்றது? போர்டு சொல்லிட்ச்சி. பாவாவ தினம் நீ இட்டுகினு வா."
"எனக்கு ஆளு வேணாம். நானே வருவேன்" என்றார் இவர்.

ஏப்ரல் 9
போனார் — கேட்டு வரைக்கும். கூட்ஸ் வண்டி வருகிறது, இவர் தண்டவாளத்தில் நிற்கிறார். கேட்டுக்காரர் பங்காரு இடுப்பைப் பிடித்து இழுத்துப் போட்டாராம். முழங்கை உரிந்திருக்கிறது. பற்றுப் போட்டுக்கொண்டே திட்டினேன். பிறகு உள்ளே போய் அழுதேன்.
"கடைங்க இருந்தா சத்தத்த வச்சி போயிடுவேன். இப்ப வழியே தெரியலடி" என்றார்.

ஏப்ரல் 21
வேணு சக்கரங்களை வீட்டுக்கே அனுப்புகிறான். கூடத்தில் உட்கார்ந்து செய்கிறார். இன்றைக்கு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்!

மே 11
போர்டு ஆள் வாசலில் வந்து நின்றான்.
"வூட்ல தொழில் பண்ணக் கூடாதுங்க."
"கண்ணு தெரியாதவருங்க, நாலு சக்கரம்—"
"அதுவும் பட்டறைதாங்க."
பாவி, நாசமாய்ப் போக! இல்லை... அவனும் சம்பளத்துக்குத்தானே வந்தான். யாரைத்தான் திட்டுவது?

மே 12
சக்கரங்கள் திரும்பிப் போயின. நான் திடலுக்குக் கூட்டிப்போய் விடுகிறேன் என்றேன்.
"காலைல வுட்டுட்டு சாயங்காலம் இட்டுகினு வர, நான் இன்னா பள்ளிக்கூடத்துப் புள்ளையா?"


ஜூன் 30
வேணு வேறு ஆள் வைத்துக்கொண்டான். அவன்மேல் தப்பில்லை. ஆனாலும் வயிறு எரிகிறது.

ஜூலை 26
கிருத்திகைக் கூட்டம் வந்தது, போனது. தெரு அழகு என்று யாரோ சொன்னார்களாம்.

செப்டம்பர் 15
காலையில் போட்ட கோலம் மத்தியானம் வரை அப்படியே கிடந்தது. ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை. ஆளும் இல்லை. இவர் கதவோரம் உட்கார்ந்திருந்தார். கேட்டார்:
"தெரு சுத்தமா கீதா?"
"ஆங்."
"ஜனம் நடக்குதா?"
"ஆங், நடக்கிறாங்க" என்றேன்.
அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.