அதிகம் வந்த கொடி

ஊர்க் கப்பலுக்கெல்லாம் கம்பி கட்டிவிட்டு, எங்களுக்கு மட்டும் கம்பி நீட்டிய என் சேகர் அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் நூற்று மூன்று டிகிரி காய்ச்சலிலும் சொன்ன அதே பதிலைத்தான் சொல்வாய். "எனக்கு இன்னா, ஜம்முனு கீறேன்."

எங்கள் துறையில் ஆண்டு மலர் போடுகிறார்கள். என்னிடம் ஏதாவது சிரிப்பாக எழுதிக் கொடு என்றார்கள். நான் உனக்கு எழுதுகிறேன். மற்றவர்கள் ஒட்டுக் கேட்கட்டும். நம் தெருவில் அது குற்றமே இல்லையே.

ஆமாம், துறை. உன் தங்கச்சி இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பிளஸ் டூ முடித்ததும் சேருகிற ஐந்து வருஷப் படிப்பு, சர்வதேச உறவுகள். திருவொற்றியூரிலிருந்து பஸ் பிடித்து, வரிசையில் நிற்கிற கன்டெய்னர் லாரிகளை எண்ணிக்கொண்டே போகிறேன். சில நாள் அந்த வரிசையில் நைனாவின் லாரியும் நிற்கும். அவர் ஸ்டியரிங் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் பின்கதவுத் தூசியில் விரலால் 'உள்ளே மாமியார், மெதுவாகச் செல்லவும்' என்று எழுதிவிட்டு ஓடுவோமே. இப்போது தூசி அப்படியே இருக்கிறது. நான் எழுதுவதில்லை.

சேர்ந்த அன்று அம்மா கேட்டாள்.

"இன்னாடி படிப்பு அது?"

"சர்வதேச உறவும்மா."

"உறவா? உங்க பெரிப்பன் வூட்டாண்ட பேச்சே இல்ல. எதுத்த வூட்டாண்ட தண்ணிக் கொயாயில சண்ட. இவ போயி உலகத்தோட உறவாடப் போறாளாம்."

சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. உடனே சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

ஏன் இந்தப் படிப்பு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒட்டுக் கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீ ஐடிஐ ஃபிட்டர் முடித்துவிட்டு ஹார்பரில் லாஷிங் வேலைக்குப் போனாய். கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்கள் ஆடாமல் இரும்புக் கம்பியால் பிணைத்துக் கட்டுகிற தினக்கூலி வேலை. ஒவ்வொரு கப்பலின் பின்புறத்திலும் அதன் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும், மேலே அந்த நாட்டுக் கொடி பறக்கும். அன்றைக்குப் பார்த்த பெயர்களையெல்லாம் பால்பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வருவாய். வியர்வையில் பாதி அழிந்திருக்கும். நான் காலண்டர் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணுவேன். அடுத்த வாரம் எந்த நாட்டுக் கப்பல் அதிகம் வரும் என்று பந்தயம். தோற்றவர் பீச் ஸ்டேஷன் பக்கத்தில் அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், வாங்கித் தரவேண்டும்.

எப்போதும் பனாமாதான் ஜெயிக்கும். நான் எப்போதும் பனாமா மேல்தான் கட்டுவேன். வரைபடத்தில் அந்த நாடு எங்கே இருக்கிறது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. ஆனாலும், இத்தனை கப்பல் வைத்திருக்கிற நாடு எவ்வளவு பெரிய நாடாக இருக்கும்! அமெரிக்காவை விடப் பெரிசு என்று உன்னிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

கப்பலோடு போகிற வேலைக்கு ஆள் எடுக்கிற பாரிமுனை ஏஜெண்ட் உனக்கு இரண்டு கப்பலில் இடம் இருக்கிறது என்றான். ஒன்று எண்ணூருக்கு நிலக்கரி கொண்டுவருகிற கப்பல். மும்பை என்று எழுதி, நம் நாட்டுக் கொடி கட்டியது. பத்து நாளைக்கு ஒரு தடவை வரும். நம் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் அதன் புகை தெரியும். மற்றொன்று பனாமா. நீ பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாய்.

"சொல்லு வாலு. எதுல ஏறட்டும்?"

"ஐய, இது ஒரு கேள்வியா? எந்த பஸ்ஸு அடிக்கடி வருதோ அத்தான நல்ல ரூட்டு. மும்பை மாசத்துக்கு மூணு வருது. பனாமா தெனம் வருது. ஏறிகினு போவியா."

நீ என் தலையில் குட்டிவிட்டுச் சிரித்தாய். அப்போது எனக்குப் பதினைந்து வயது. அந்தக் குட்டு இன்னும் வலிக்கிறது என்று சொன்னால் நம்புவாயா?

எட்டாவது மாதம் ஏஜெண்ட் ஆபீசிலிருந்து ஃபேக்ஸ் தாள் ஒன்று வந்தது. நடுக்கடலில் மேல்தளத்திலிருந்து விழுந்துவிட்டாய், தேடினார்கள், காணவில்லை. நான்கே வரி. நைனா ஒரு வாரம் லாரி எடுக்காமல் ஆபீஸ் ஆபீசாக அலைந்தார். கப்பல் முதலாளி ஒரு நாடு, நடத்துகிறவன் ஒரு நாடு, கேப்டன் இன்னொரு நாடு. கொடி எந்த நாடோ அங்கேதான் கேட்கவேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நீ இறந்ததற்கு ஒரு துண்டுத் தாள்கூட எங்களிடம் இல்லை.

அம்மாவுக்கு அது போதும். "காணோம்னுதான எயுதினான். செத்துட்டான்னு எவன் எயுதிக் குடுத்தான்?" என்று ஒரே கேள்விதான். தாள் இல்லாததால் ரேஷன் கார்டில் உன் பெயரை அடிக்கவில்லை. மாதாமாதம் உன் பங்குச் சர்க்கரையையும் வாங்கி, தனி டப்பாவில் போட்டுவைக்கிறாள். எறும்பு வந்தால் வெயிலில் காயவைத்து மறுபடி மூடுகிறாள்.

இப்போது படிப்பில் சேர்ந்த முதல் வாரத்தைச் சொல்கிறேன். வகுப்பில் மேடம் கேட்டார், "உலகத்தில் எந்த நாட்டின் கொடியில் அதிகக் கப்பல்கள் ஓடுகின்றன?" அமெரிக்கா என்றான் ஒருவன், ஜப்பான் என்றாள் ஒருத்தி, பிரிட்டன் என்றது பின்வரிசை. நான் எழுந்து பனாமா என்றேன்.

"கரெக்ட். எப்படிம்மா தெரியும்?"

"ஹார்பர் பக்கத்துல எல்லாருக்கும் தெரியும் மேடம்."

வகுப்பே கைதட்டியது. என் வாழ்க்கையில் ஒரு வகுப்பு எனக்காகக் கைதட்டியது அன்றுதான். கைதட்டல் நின்றதும் மேடம் சொன்னார், "ஆனால் அந்தக் கப்பலெல்லாம் அந்த நாட்டுக்காரர்களுடையது இல்லை. வேறு நாட்டு முதலாளிகள் வரியும் சட்டமும் குறையட்டும் என்று அங்கே பதிவு செய்து அந்தக் கொடியை வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். நிறையக் கப்பல்கள் ஒரு தடவைகூட அந்த நாட்டுத் துறைமுகத்துக்குப் போனதில்லை."

நான் உட்காரவில்லை. உட்கார மறந்துவிட்டேன். சரியான பதில் சொன்ன அதே நிமிஷத்தில், உன்னைத் தப்பான பஸ்ஸில் ஏற்றிவிட்டது தெரிந்தது. பக்கத்துப் பெண் என் தாவணியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

அன்றிலிருந்து நூலகத்தில் தேடினேன். ஒரு கப்பலில் உயிர் போனால் கொடி நாடு விசாரிக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். பிரவுசிங் சென்டரில் முகவரி எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக எட்டுக் கடிதம் எழுதியும் பதில் இல்லை. ஒன்பதாவதுக்குப் பதில் வந்தது, கூடவே ஒரு படிவம். மகன் இறந்துவிட்டான் என்று உறுதி கூறி, விசாரணை கேட்டுக் கையெழுத்திட வேண்டும். நைனா போடமுடியாது. கப்பல் தாள்களில் நெருங்கிய உறவு என்று நீ அம்மா பெயரைத்தான் எழுதிவிட்டுப் போயிருக்கிறாய்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அம்மா முறத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். படிவத்தை நீட்டுவதற்கு முன் மற்றதைச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தேன்.

"அம்மா, நெலக்கரிக் கப்பல் வேணாம்னு அண்ணனுக்குச் சொன்னது நான்தாம்மா."

அவள் விரல் நிற்கவில்லை.

"தெர்யும். போசொல்ல சொல்ட்டுத்தான் போனான். வாலு சொன்ன கப்பலும்மான்னு."

"அப்புறம் ஏம்மா ஒரு வார்த்த திட்டல?"

"திட்டினா நீ அயுவ. நீ அயுதா அவன் செத்துட்டான்னு ஆயிடும்."

இரண்டு கல்லை எடுத்துத் தரையில் வைத்தாள். படிவத்தைக் கொடுத்தேன். இன்னா எயுதிகீது என்றாள். தமிழில் சொன்னேன்.

"அவன் செத்துட்டான்னு நான் எயுதிக் குடுக்கணுமா? அவங்கதான எனக்கு எயுதிக் குடுக்கணும்?"

சர்வதேச உறவுகள் பாடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. மேடத்துக்குத் தெரியுமா? அந்தக் கொடி நாட்டுக்குத் தெரியுமா? அம்மா படிவத்தை நான்காக மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் செருகினாள். "இந்த மாசம் சக்கர வாங்கிக்கறேன். அப்பால போடறேன்."

ஐந்து மாதம் ஆகிவிட்டது. படிவம் கார்டோடு கடைக்குப் போய்வருகிறது. டப்பா நிறைகிறது.

அண்ணா, உனக்குத் தெரியாத ரகசியமா? ஐடிஐயில் நீ வகுப்புக்கு மட்டம் போட்டபோதெல்லாம் வீட்டுக்கு வந்த கடிதங்களில் அம்மா கையெழுத்தைப் போட்டது யார்? 'சரோஜா'வில் அந்த 'ரோ'வின் கொம்பு மட்டும் தூண்டில் முள் மாதிரி பெரிசாக வரும். அதைப் பன்னிரண்டு வயதிலேயே பழகியவள் நான். போன வாரம் அம்மா இல்லாதபோது படிவத்தை எடுத்துப் பிரித்தேன். பக்கத்தில் ரஃப் நோட்டில் நான்கு தடவை போட்டுப் பார்த்தேன். நான்கும் அச்சாக அம்மா. ஐந்தாவதைப் படிவத்தில் போட்டிருந்தால் அந்த நாடே நம்பியிருக்கும்.

ரஃப் நோட்டுத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். படிவத்தை அதே நான்கு மடிப்பில் மடித்து வைத்துவிட்டேன். உன் விஷயத்தில் ஒரு தடவை நான் முடிவு செய்தது போதும்.

ஒரு வாக்கு தருகிறேன். விசாரணைக்குத் தேவையான மற்ற எல்லாத் தாளையும் சேர்த்துவைப்பேன். மாதம் ஒரு தடவை, சர்க்கரை வாங்கிவந்த அன்று, அம்மாவிடம் கேட்பேன். அவள் அப்பால என்றால் சரி என்பேன். படிப்பு முடிந்தாலும் கேட்பேன். ஆனால் இந்த ஒரு கையெழுத்தை மட்டும் நான் போடமாட்டேன்.

உன் ஐடிஐ கடிதங்களில் எல்லாம் அம்மாவாக இருந்து,
இதில் மட்டும் தங்கச்சியாக இருக்கும்,
வாலு.